நாலாவது இலை

வியாசர்பாடியில் ஏகாம்பரம் என்று ஒரு பஸ் டிரைவர் இருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அது விரல்கடை அளவாகி, பிறகு அதுவும் போய்விட்டது. திருப்பங்களில் ஸ்டியரிங் அவருடைய சட்டைப் பொத்தானை உரசிக்கொண்டுதான் திரும்பியது.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. டிரைவருக்குப் பசி வயிற்றில் வருவதில்லை, டிரிப் ஷீட்டில் வருகிறது. வண்டி நின்றால் வாய் ஓட ஆரம்பிக்கும். ஆறேகாலுக்கு டீயும் பன்னும், எட்டு மணிக்குப் பூரி, பத்தரைக்கு பஜ்ஜி. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏழு நிமிஷம். ஏழாவது நிமிஷம் கண்டக்டர் கவுஸ் பாய் விசில் அடிப்பார். வாயில் இருப்பதை மென்றபடியே ஏகாம்பரம் ஓடிப்போய் ஏறி உட்காருவார். வயிறு நிறைந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

அந்த வருஷம் மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்றார். அதற்குள் சர்க்கரை இறங்கினால் பழையபடி டிரைவர் சீட்டு. இறங்காவிட்டால் ஓய்வு பெறும்வரை டிப்போவிலேயே லேசான வேலை. மாத்திரை எழுதிக் கொடுத்து, அளவாகச் சாப்பிடுங்கள், உடம்பை அசையுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

லேசான வேலை என்றால் டிப்போ வாசலில் ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. வண்டி வெளியே போகிற நேரத்தையும் உள்ளே வருகிற நேரத்தையும் எழுத வேண்டும். முதல் நாளே அவருடைய வண்டி அவரைத் தாண்டிப் போனது. வேறொருவர் ஓட்டினார். இரண்டாவது கியர் விழும்போது வண்டி ஒரு முனகல் முனகியது. ஏகாம்பரத்துக்குத் தன் காதையே யாரோ திருகியதுபோல வலித்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

கவுஸ் பாய்க்கும் நிம்மதி இல்லை. புது டிரைவர் பிரேக் போட்டால் ஜனங்கள் திட்டுவது கண்டக்டரைத்தான். நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் ஏகாம்பரத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு பவளக்கொடி டீச்சரிடம் போனார்.

பவளக்கொடி டீச்சருக்கு முப்பத்துமூன்று வயது. கபடி ஆடியவர். காலையில் மாநகராட்சி மைதானத்தில் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பார். மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் மடத்தில் அன்னதானப் பந்தியைக் கவனிப்பார். நோயாளிகளோடு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் அங்கேதான் சாப்பிட்டார்கள். உடம்பு சரியாக வேண்டுமென்றால் அவரிடம் போ என்று அந்தப் பக்கத்து டிப்போக்களில் பேச்சு இருந்தது. தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று ஏகாம்பரத்துக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டிரைவர் சீட்டைப் பறிகொடுத்தவன் வயதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மடத்தில் அப்போது பந்தி நடந்துகொண்டிருந்தது. தரையில் பாய் விரித்து நாலு வரிசை. டீச்சர் தூணருகே நின்றிருந்தார்.

ஏகாம்பரம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கைபேசியில் வந்த புத்திமதி எல்லாம் அதில் இருந்தது. கம்பு நல்லது என்று ஒரு பக்கம், கம்பு ஆகாது என்று அடுத்த பக்கம். சோற்றைத் தொடாதே என்று மச்சினி சொன்னது. பழையது சாப்பிடு என்று மச்சினன் சொன்னது. எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டு அவர் கேட்டார்.

"எவ்ளோ சாப்டணும் டீச்சர்? எத்தினி கரண்டின்னு ஒரு கணக்கு சொல்லிடுங்க. அப்புறம் பாருங்க, ஒரு பருக்கை தாண்ட மாட்டேன்."

டீச்சர் நோட்டைப் பார்க்கவில்லை. பந்தியைக் காட்டினார்.

"அந்த வரிசையில நாலாவது இலைக்கு எவ்ளோ வேணும்ணா?"

நாலாவது இலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரம் அவளைப் பார்த்தார், அவளுடைய இலையைப் பார்த்தார்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்போ வாளியைப் பிடிங்க," என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து டிப்போவில் காலை வேலை முடிந்ததும் ஏகாம்பரம் மடத்துக்குப் போய்ச் சோற்று வாளியைத் தூக்கினார். வரிசைக்கு முப்பது இலை. மூன்று பந்தி. ஒவ்வொரு இலைக்கும் குனிய வேண்டும், நிமிர வேண்டும், மறுசோற்றுக்குத் திரும்பி வர வேண்டும். இதைவிடக் கொடுமை, பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். வண்டியில்லாமலும் பத்தரைக்குச் சரியாக அவருடைய வாய் பஜ்ஜி கேட்டது. ஒன்றேகாலுக்குச் சாப்பாடு கேட்டது. மூன்று மணிவரை ஊருக்கெல்லாம் சாம்பார் மணக்க மணக்கச் சோறு போட்டுக்கொண்டு அவர் பல்லைக் கடித்தார்.

பத்தாம் நாள் டீச்சரிடம் போய் நின்றார். டாக்டர் உடம்பை அசைக்கச் சொல்லியிருக்கிறார், பயிற்சி எப்போது ஆரம்பம் என்று கேட்டார்.

"முதுகு வலிக்குதாண்ணா?"

"பின்னே? முதுகு, தொடை, தோள்பட்டை, எல்லாம் வலிக்குது."

"அப்போ ஆரம்பிச்சாச்சு."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்றவர் சிரித்துவிட்டதால் இவரும் சிரித்துவைத்தார்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பந்தி எழுந்த பிறகு டீச்சர் அவரைக் கூப்பிட்டு இலைகளைக் காட்டினார். மற்ற மூன்று வரிசையிலும் இலைகள் துடைத்தாற்போல இருந்தன. ஏகாம்பரத்தின் வரிசையில் இலைக்கு ஒரு குவியல் சோறு மிச்சம். காட்டிவிட்டு டீச்சர் தூணருகே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. தன் வயிற்றை அளவாக வைத்துத்தான் ஊரார் இலையில் எல்லாம் அவர் கொட்டியிருக்கிறார்.

மறுநாள் கையைக் குறுக்கிக்கொண்டார். ஒரு கரண்டி போட்டார், இலைமேல் கை வந்தால் போதும் என்று தாண்டிப் போனார். அது சுலபமாக இருந்தது. விசில் அடித்தால் நிறுத்துவதுபோலத்தான்.

ஓர் இலையை அப்படித் தாண்டிப் போனபோது பின்னாலிருந்து டீச்சர் கூப்பிட்டார். செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயியின் இலை அது. மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இரண்டு நாளாக வராந்தாவில் கிடப்பவர்.

"அவர் போதும்னுட்டாரே டீச்சர். கை வச்சு மறைச்சாரு."

"கையைச் சரியாப் பார்த்தீங்களா?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். இலைமேல் கை இருந்தது. ஆனால் விரல்கள் விரிந்திருந்தன. இடுக்கு வழியாக ஒரு கரண்டிச் சோறு தாராளமாக இறங்கும்.

"இப்போ முகத்தைப் பாருங்க."

பார்த்தார். இலவசச் சோற்றில் இரண்டாவது தரம் கேட்பதற்குக் கூச்சப்படுகிற முகம். ஏகாம்பரம் திரும்பிப்போய்க் குனிந்து, "கையை எடுங்க அண்ணாத்தே, நம்ம வீடு மாதிரி," என்றார். அந்த மனிதர் கையை எடுத்தார். இரண்டு கரண்டி போட்டார் ஏகாம்பரம், குழி பறித்து ரசத்தை அவரே வாங்கி ஊற்றினார். அந்த விவசாயி தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மூன்று மணிக்குத் தான் சாப்பிட வேண்டும் என்பதையே மறந்து நாலாவது வரிசைக்கும் வாளியோடு ஓடினார்.

அதன் பிறகு அவருக்குப் பந்தி ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் கண் அல்லவா, யார் குறுக்கே வரப்போகிறார் என்று பார்த்துப் பழகிய கண். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இலையை லேசாக முன்னால் தள்ளுகிறவர்களைக் கண்டுகொண்டார். வேண்டும் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களில், வயிறு எப்போதோ நிறைந்து வாய் மட்டும் கூப்பிடுகிறவர்களையும் கண்டுகொண்டார். அப்படி ஒருவர் தினமும் நாலாவது தரம் சோறு கேட்டுக் கூவுவார். இல்லை என்று சொல்ல மடத்தில் யாருக்கும் உரிமை இல்லை. ஏகாம்பரம் வாளியோடு மெதுவாக நடப்பார். போய்ச் சேருவதற்குள் அந்த மனிதரே இலையை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

இதைத் தூணருகே நின்று பார்த்த டீச்சர் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்று மணிக்கு ஏகாம்பரம் இலை முன்னால் உட்காரும்போது விசில் அடிக்க யாரும் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் பேர் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு வந்த கை அவசரப்படவில்லை. கத்தரிக்காய்க்கு ஒரு ருசி உண்டு, அவரைக்காய்க்கு வேறு ருசி என்பது ஐம்பத்தொரு வயதில் அவருக்குத் தெரியவந்தது. வீட்டில் மனைவியிடம் இந்தக் கீரை என்ன கீரை என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாகப் போடும் முளைக்கீரைதான் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள். பத்தரை மணி வாயும் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு எப்போதோ அடங்கிப்போயிற்று.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை மறுபடி டாக்டர். டாக்டர் சீட்டைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தார். ஒன்பது கிலோ எங்கே போயிற்று என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தாதீர்கள், நாளையிலிருந்து வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஏகாம்பரம் வீட்டுக்குப் போகவில்லை. டிப்போவுக்குள் ஓடி, நின்றிருந்த தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய்வந்தது. கவுஸ் பாய் படியில் நின்று இரட்டை விசில் அடித்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு விசில் என்று ஷெட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இருவரும் நேராக மடத்துக்குப் போனார்கள். அன்றைய பாயசம் கவுஸ் பாயின் உபயம். ஏகாம்பரம் வழக்கம்போல வாளியைத் தேடினார். அது டீச்சர் கையில் இருந்தது.

"இன்னிக்கு நீங்க உட்காருங்கண்ணா. முதல் பந்தி."

கவுஸ் பாயும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சோறு வந்தது, சாம்பார் வந்தது, பொரியலும் கூட்டும் வந்தன. ஏகாம்பரம் நிதானமாகச் சாப்பிட்டார். ரசத்துக்கு ஒரு தரம் சோறு வாங்கிக்கொண்டார். பிறகு மோரும் ஆயிற்று. எல்லாம் நல்லபடியாக நடக்கிற நாளில் வாய் ஓய்வதில்லை. கல்யாண வீடு மாதிரி சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்.

நடுவில் நினைவு வந்து டீச்சரை நிறுத்தினார். மூன்று மாதமாகக் கேட்க நினைத்து, தினமும் வேலை மும்முரத்தில் மறந்துபோன விஷயம்.

"டீச்சர், அன்னிக்கு எவ்ளோ சாப்டணும்னு கேட்டேனே, நீங்க சொல்லவே இல்லியே?"

டீச்சர் வாளியோடு வரிசையின் தலைப்பில் நின்றிருந்தார். கரண்டியில் சோறு இருந்தது.

"சொல்றேன். இந்த வரிசையில நாலாவது இலைக்கு எவ்ளோ வேணும்ணா?"

ஏகாம்பரம் பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பி இலைகளை எண்ணினார். முதல் இலையில் ஒரு அம்மா, இரண்டாவதில் அவள் மகள், மூன்றாவது கவுஸ் பாய்.

நாலாவது அவருடைய இலை.

அவர் இலையைப் பார்த்தார். யாருடைய முகத்தையோ பார்ப்பதுபோல அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் கையில்தான் இருந்தது, அதை அவர் பார்க்கவில்லை. டீச்சர் கரண்டியை நீட்டினார். இலைமேல் தானாக ஒரு கை வந்தது. விரல்கள் ஒட்டியிருந்தன. ஒரு பருக்கைகூட உள்ளே போக வழியில்லை.

டீச்சர் கரண்டியை வாளியில் போட்டுவிட்டுப் பாயசத் தூக்கை எடுத்து வந்தார். கவுஸ் பாயின் இலையில் ஊற்றினார். ஏகாம்பரத்தின் கை இன்னும் இலைமேலேயே இருந்தது. டீச்சர் குனிந்தார், கையைப் பார்த்தார்.

"விரல் விரிஞ்சிருக்குண்ணா."

ஏகாம்பரமும் குனிந்து பார்த்தார். விரிந்துதான் இருந்தது. கவுஸ் பாய் சிரித்த சிரிப்பில் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஏகாம்பரம் கையை எடுத்தார். அரைக் கரண்டிப் பாயசம் இலையில் விழுந்தது. இன்னும் அரைக் கரண்டி வருமோ என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முகம் இவ்ளோதான் கேட்டுச்சு," என்று சொல்லிவிட்டு டீச்சர் ஐந்தாவது இலைக்குப் போனார்.