வராதவங்க கை தூக்குங்க

தாளாளர் தணிகாசலம் தொண்டையைச் செருமினாலே பள்ளிக்கூடம் எழுந்து நிற்கும். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் புள்ளியியல் எதற்கு என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைக்கச் சொன்னவரும் அவர்தான். அப்படி ஒரு ஞாயிறு, பாதி பெஞ்சு காலியாகக் கிடந்த புள்ளியியல் வகுப்புக்குள் நுழைந்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றது யாருக்காவது கஷ்டமா? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"கேட்டேன், தெரிஞ்சுக்கிட்டேன். யாருக்கும் கஷ்டமில்ல! இதைத் தெரிஞ்சுக்கப் புள்ளியியல்னு ஒரு பாடமா? ஒரே நிமிஷத்துல இதோட பிரயோஜனத்தைக் காட்டுங்க. இல்லேன்னா வகுப்பை மூடிடறேன்."

முன்வரிசை ரிஹானா எழுந்தாள். "நானும் ஒண்ணு கேட்டுக்கறேன் சார்." வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னிக்கு வராதவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"பாத்தீங்களா சார், எல்லாரும் வந்திருக்காங்க!"

தாளாளர் காலி பெஞ்சுகளைப் பார்த்தார். முகம் கறுத்தது. "சரி, இந்தப் பாடம் வேணுங்கிறவங்க?"

இருந்த கைகளெல்லாம் உயர்ந்தன.

"இது செல்லாது!" என்று கத்தினார். "வராதவங்களையும் சேர்த்துல்ல கேக்கணும்!"

"முதல் பாடமே அதுதான் சார்," என்றாள் ரிஹானா. "உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல."