ஆள்காட்டியின் இரண்டு குரல்

ஓடைக்கரையில் செங்கண்ணி என்ற ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தது. செந்நாய்கள் தண்ணீருக்கு வந்தால் அதன் கண்ணுக்குத் தப்பாது. உடனே கத்திவிடும்.

அந்தக் கத்தல் குன்றைத் தாண்டாது. ஆனால் குன்றின் உச்சியில், அத்திமரத்தில், கருமுகன் என்ற குரங்கு இருந்தது. அது செய்தியை வாங்கி மறுபக்கத்துப் புல்வெளிக்கு உரக்கச் சொல்லும். மான்கள் ஓடி ஒளியும். எந்தப் பறவையின் செய்தியானாலும் சொல்ல வேண்டும் என்றுதான் காட்டில் வாழ்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த மரத்தைக் குரங்குக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு கரிச்சான் குருவி ஒரு சீழ்க்கை மொழியைக் கண்டுபிடித்தது. நீளக் கத்த வேண்டியதெல்லாம் ஒரே சீழ்க்கையில் அடங்கிவிடும். முயல்கள் சட்டென்று கற்றுக்கொண்டன. செங்கண்ணியும் கற்றுக்கொண்டது.

"நாளை முதல் சீழ்க்கை மட்டும்தான்!" என்றது கருமுகன்.

"மான்களுக்கு இன்னும் அது புரியாதே! அவை பழகும்வரை என் செய்தியை இரண்டு விதமாகவும் சொல்."

"ஒரே செய்திக்கு இரண்டு தடவையா? அந்த நேரத்தில் மயிலின் பாட்டைச் சொல்லிவிடுவேன். எனக்கு இருப்பது ஒரே தொண்டை!"

"இந்த மரத்தை உனக்கு எதற்குக் கொடுத்தார்கள்?"

"உன் செய்தியைச் சொல்லத்தான். சொல்கிறேனே, சீழ்க்கையில்! புரியாதவர்கள் போகட்டும்."

மறுநாள் காலையில் செந்நாய்கள் வந்தன. செங்கண்ணி சீழ்க்கை அடித்தது. கருமுகனும் அடித்தது. முயல்கள் வளைக்குள் பாய்ந்தன. மான்களோ நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன!

மான்களுக்குப் புரிந்திருக்காது என்று செங்கண்ணிக்குத் தெரியும். குன்றைத் தாண்டிப் பறந்துபோய், பழையபடி தொண்டை கிழியக் கத்தியது. மான்கள் சிதறி ஓடின. ஒரு குட்டி மயிரிழையில் தப்பியது.

"இனி இங்கே எப்படி இருப்பது?" என்று மான்கள் மூங்கில் காட்டுக்குப் போய்விட்டன.

கருமுகன் கவலைப்படவில்லை. ஆனால் சிறுத்தை வந்தால் மோப்பம் பிடித்துக் கருமுகனை எச்சரிப்பவை அந்த மான்கள்தான். அன்று மாலையே சிறுத்தை சத்தமில்லாமல் பாதி மரம் ஏறிவிட்டது. கருமுகன் முள்மரத்துக்குத் தாவி, உடம்பெல்லாம் கீறலோடு உயிர் பிழைத்தது.

விடிந்ததும் ஓடைக்கு ஓடி வந்தது. "செங்கண்ணி, நீ சொன்னால் மான்கள் கேட்கும். கூப்பிடேன்!"

"கூப்பிடுகிறேன். ஆனால் மூங்கில் காடு தூரம். என் பழைய குரலை நீதான் கொண்டுபோக வேண்டும்!"

கருமுகன் உச்சிக்கு ஏறி, குரல் கம்மும்வரை கத்தியது. மான்கள் திரும்பி வந்தன. அவை சீழ்க்கையைக் கற்றுக்கொள்ளும்வரை ஒவ்வொரு செய்தியும் இரண்டு தடவை போனது. மயிலின் பாட்டு கொஞ்சம் குறைந்தது. அதனால் யாரும் செத்துப்போகவில்லை.

புதிய வழி எவ்வளவு நல்லதானாலும், எல்லோரும் அதற்கு வந்து சேரும்வரை பழைய வழியை அடைக்கக் கூடாது.