மேலே வந்து கேளுங்க

பேச்சிமுத்து செண்பகத்தம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தோளில் தண்ணீர்க் குடத்தோடு அவர் பாறைப் படிகளில் பாதி ஏறியிருந்தார். உச்சியிலிருந்து செண்பகத்தம்மா எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, தோளை மாத்துங்க. ஒரே பக்கம் சுமந்தா மலை சாஞ்சிரும்."

பேச்சிமுத்து சிரித்த சிரிப்பில் குடம் தளும்பிச் சட்டை நனைந்தது.

அவர் பேருந்து ஓட்டுநர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தது. பிரேக் பிடித்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்று பிடித்த கை நடுக்கம்தான் அவரை விடவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்து, மூன்று மாத விடுப்பும் எழுதித் தந்தார். தூக்கம் வந்தது. ஸ்டியரிங்கை நினைத்தால் மட்டும் விரல்கள் ஆடின.

யாரோ சொல்லி, குடையன் பாறைக்குப் போனார். உச்சியில் சின்ன மடம். அதை நடத்திவந்த செண்பகத்தம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இவருக்கு அவர் அம்மா. அவருக்கு இவர் அண்ணே.

மடத்தில் ஒரே ஒரு வழக்கம். கேள்வியோடு வருகிறவர் அடிவாரச் சுனையில் ஒரு குடம் மொண்டு, முந்நூறு படி ஏறி, மடத்துப் பானையில் ஊற்ற வேண்டும். பிறகுதான் வாய் திறக்கலாம்.

முதல் நாள் பாதித் தண்ணீர் படிகளுக்கே போய்விட்டது. ஊற்றிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"கேளுங்கண்ணே."

"பொறுங்கம்மா."

காற்று அடித்தது. காலுக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது. மூச்சு நிதானப்பட்டபோது மனசில் ஒன்றும் இல்லை.

"நான் என்ன கேக்க வந்தேன்?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அப்ப நாளைக்கு வாறேன்."

"வாங்க. மாத்திரையை விட்டுராதீங்க."

மறுநாளும் அப்படித்தான். ஒருமுறை கேள்வியைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினார். வேர்வையில் மை கரைந்துபோயிற்று. அம்மா தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது கேள்வியா, கோலமாண்ணே?"

விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தது. பேச்சிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. பாறைக்குப் பின்பக்கம் ஒரு மண்பாதை உண்டு. மச்சினனின் ஜீப்பில், குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த வழியாக மேலே போனார். சட்டை கசங்கவில்லை. கேள்வியும் அப்படியே இருந்தது. ஆனால் தண்ணீரை ஊற்றும்போது, குடம் பானை விளிம்பில் டக்டக்கென்று தட்டியது.

"அம்மா, இன்னிக்கு மறக்கல. திங்கக்கிழமை வண்டி எடுக்கணும். என் கை நிக்குமா?"

"நல்ல கேள்வி. பதில் சொல்ற ஆளைக் கூட்டிட்டு வரலையேண்ணே."

"யாரு அது?"

அம்மா அவர் கால்களைப் பார்த்தார். அவரும் குனிந்து பார்த்தார். அம்மா வெறுங்குடத்தை அவர் கையில் கொடுத்தார்.

"ஏறுங்க அத்தான், போவோம்," என்றான் மச்சினன் ஜீப்பிலிருந்து.

"நீ போ மாப்ளே. எனக்குச் சோலி இருக்கு."

முந்நூறு படி இறங்கினார். மொண்டார். முந்நூறு படி ஏறினார். இந்தத் தடவை ஊற்றும்போது பானையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பக் கேளுங்கண்ணே."

பேச்சிமுத்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் பாறை ஏறி இறங்கிவிட்டு வண்டி எடுத்தார். முதல் வளைவில் விரல்கள் லேசாக ஆடின. அடுத்ததில் குறைந்தது. அப்புறம் வாரவிடுப்பான செவ்வாய்தோறும் குடத்தோடு வந்தார்.

அந்தக் கடைசிச் செவ்வாயன்று, நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"இத்தனை நாளா வாறேன். நீங்க ஒரு கேள்விக்கும் பதில் சொன்னதில்லையேம்மா."

"நீங்க ஏறி வந்து ஒருநாளும் கேக்கலையேண்ணே."

மறுவாரம் விஷக்காய்ச்சலில் அம்மா போய்விட்டார்.

மடத்தில் இப்போது யாரும் இல்லை. பானை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் அது நிரம்பிவிடும்.