பேராச்சியின் குளியல் பொடியும் ராஜாவின் முழங்கையும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மணல்மேட்டுச் சீமையை மகரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. எதிரியைப் பற்றிக் கவலை இல்லை, யானைப்படையைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் முழங்கையைப் பற்றி! பத்து நாளில் கல்யாணம். நலங்கு வைக்கிற நேரத்தில் பெண் வீட்டார் அந்தக் கறுத்த, சொரசொரத்த முழங்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டால்?

அரண்மனையில் குளியல் பொடி இடிக்கிறவள் பேராச்சி. கெட்டிக்காரி. பச்சைப்பயறையும் கடலைப்பருப்பையும் வெயிலில் காயவைப்பாள். ஆவாரம்பூவையும் ரோஜா இதழையும் நிழலில்தான் உலர்த்துவாள். பூலாங்கிழங்கும் மஞ்சளும் சேர்த்து இடித்து, இரண்டு தரம் சலிப்பாள். சல்லடையில் நிற்கிற கப்பியைக்கூட விடமாட்டாள்.

"மாவு முகத்துக்கு, கப்பி முழங்கைக்கு. தயிர்ல குழைச்சு மெதுவா வட்டம் வட்டமாத் தேய்க்கணும் சாமி. பத்து நாள் பொறுங்க, பளபளன்னு ஆயிடும்" என்றாள்.

பொறுப்பதா? நம்ம ராஜாவா? மூன்றாம் நாளே முகத்தைச் சுளித்தார்.

இதற்காகவே காத்துக்கிடந்தவர் அலங்கார அதிகாரி குழைக்காதர். ராஜா வேறொருவரைப் புகழ்ந்தால் மனுஷருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு வெள்ளிச் சிமிழோடு ஓடி வந்தார்.

"அரசே, சமையற்கட்டுப் பருப்பையா ராஜ மேனியில் தேய்ப்பது? இது ஆழ்கடல் முத்தை அரைத்த பொடி! பனிபோலக் குளிர்ச்சி! எந்த எரிச்சலையும் நொடியில் இழுத்துவிடும்!"

ராஜா இரண்டு நாள் தேய்த்தார். முழங்கை தக்காளிப் பழமாகச் சிவந்து எரிந்தது. "ஐயய்யோ!" என்று அரண்மனை அதிரக் கத்தினார்.

குழைக்காதர் அசரவே இல்லை. "பார்த்தீர்களா அரசே! அந்தப் பேராச்சி பொடி ஏற்றிய விஷத்தை என் முத்து வெளியே தள்ளுகிறது!"

"பிடித்து வாருங்கள் அவளை!" என்று ராஜா குதித்தார். "கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதையில் ஏற்றி, ஊரைச் சுற்றி விரட்டுங்கள்!"

கழுதை வாசலுக்கு வந்துவிட்டது. பேராச்சியைச் சபை நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறந்து வளர்ந்த ஊர். நாளைக்கு எந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பாள்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த வெள்ளிச் சிமிழிலிருந்து ஒரு நெடி வந்தது. அட, இது தினமும் வெற்றிலையில் தடவுகிற சங்கதி ஆச்சே! அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"சாமி, கழுதை எங்கேயும் போயிடாது. ஒரே ஒரு சோதனை. என் பொடியை இந்த அலங்கார ஐயா முகத்துல பூசிப் பாருங்க. எரிஞ்சா நானே கழுதையில ஏறிக்கிறேன்."

குழைக்காதருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். எரியாவிட்டால் என்ன, கத்தத் தெரியாதா! "தாராளமாகப் பூசட்டும்" என்று முகத்தை நீட்டினார்.

பேராச்சி பொடியோடு இன்னொரு பிடி மஞ்சளைக் கொட்டிக் குழைத்துக் கையை நீட்டினாள்.

"ஐயோ, எரிகிறதே!"

"இன்னும் பூசவே இல்லையே ஐயா!" என்றார் ராஜா.

"வாசனையே எரிகிறது அரசே!"

பூசி முடித்ததும் சபை நடுவே அவர் போட்ட ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா! பேராச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம்! நொடியில் எரிச்சலை இழுக்கிற முத்துப்பொடி இங்கேயே இருக்கே. அதை மேல பூசிக்கச் சொல்லுங்க சாமி."

ஆட்டம் சட்டென்று நின்றது. "இப்போது... பரவாயில்லை அரசே."

"எரிகிறதா, எரியவில்லையா? ஒன்றைச் சொல்லும்!" என்றார் ராஜா.

எரியவில்லை என்றால் பேராச்சி தப்பித்துவிடுவாள். "எரிகிறது" என்று முனகிக்கொண்டே சிமிழைத் திறந்து இரண்டு கன்னத்திலும் அப்பிக்கொண்டார். அவ்வளவுதான், மஞ்சள் முகம் குபீரென்று செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது! இந்தத் தடவை அவர் கத்தியது நிஜமான கத்தல்.

"இது என்ன மாயம்?" என்று ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"மாயமும் இல்லை மந்திரமும் இல்லை சாமி. ஆரத்திக்கு என்ன கரைப்போம்?"

"மஞ்சளும்... சுண்ணாம்பும்..." ராஜாவின் கண் அகலமாக விரிந்தது.

"உங்க மாலையில ஒரு முத்து கொடுங்க." ராஜா மனசே இல்லாமல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பேராச்சி அதை நுணுக்கி மஞ்சளில் குழைத்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "நிஜ முத்து இது சாமி. சிமிழில் இருக்கிறது கிளிஞ்சல் சுண்ணாம்பு."

"அடப் பாவி!" ராஜாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க நான் என்ன அரண்மனைச் சுவரா?"

சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. பேராச்சிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து குழைக்காதரின் முகத்தை அவளே கழுவிவிட்டாள். கழுவியும் அங்கங்கே சிவப்பு ஒட்டிக்கொண்டு நின்றது.

ராஜா முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "தாயே, அவசரப்பட்டுவிட்டேன். இனி பத்து நாள் என்ன, நீ சொன்னால் மாதக்கணக்கில் பொறுத்திருப்பேன்."

காவலர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "மகாராஜா, கழுதையைத் திருப்பி அனுப்பிவிடலாமா?"

ராஜா குழைக்காதரின் கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதற்கு அனுப்ப வேண்டும்? செம்புள்ளியை மனுஷர் தானே குத்திக்கொண்டுவிட்டார். கரியை மட்டும் கொண்டுவாருங்கள்."