சிப்பி ஓட்டில் வந்த கடல்

பவளப்பாறை ஒன்றைச் சுற்றி மத்தி மீன்கள் கூட்டமாக வாழ்ந்தன. அந்த வருடம் அங்கே தண்ணீர் சுட்டது. முட்டையிட இன்னும் இரண்டே நாள். சூட்டுத் தண்ணீரில் இட்டால் ஒரு குஞ்சும் தேறாது.

"வடகடலுக்குப் போறதா, தென்கடலுக்குப் போறதா? தெரியலையே!" என்று தலைவி மினுக்கி தவித்தாள்.

பாறைமேல் இருந்த கொடுக்கன் நண்டு மார்தட்டினான். "நானிருக்க என்ன கவலை! இங்க உக்காந்தபடியே ஏழு கடலையும் அளந்து சொல்றேன்!"

கடற்காகங்களை ஏவி, இரண்டு கடல்களின் தண்ணீரையும் சிப்பி ஓடுகளில் வரவழைத்தான். சாவகாசமாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஓடுகளுக்குள் காலை விட்டுப் பார்த்தான்.

"வடகடல் கொதிக்குது! தென்கடல் சில்லுன்னு இருக்கு! தெற்கே போங்க!"

மீன்கள் கிளம்பிய நேரத்தில் செங்காலி வந்து இறங்கினாள். ஆலா என்னும் சின்ன வெள்ளைப் பறவை அவள். உலகக் கடல்களையெல்லாம் சுற்றுகிறவள். போகிற இடமெல்லாம் விடிந்ததும் தாழப் பறந்து, அலையில் இடதுகாலை நனைத்துப் பார்ப்பாள். எங்கேயும் அதே கால், அதே நேரம். புயலடித்தாலும் ஒரு நாள் தவறமாட்டாள். என்ன பொறுமை அவளுக்கு!

"போகாதீங்க அக்கா! தெற்கேதான் சூடு. வடக்கே குளிர்ச்சி!"

"எறும்பு அளவு இருந்துகிட்டு எனக்கே பாடமா?" என்று கொடுக்கன் சீறினான்.

செங்காலி கோபப்படவில்லை. "அண்ணாச்சி, வடகடல் ஓட்டை எங்க வச்சிருந்தீங்க?"

"வெயில்ல."

"தென்கடல் ஓடு?"

"பாறை நிழல்ல. அதுக்கென்ன?"

"இடம் மாத்தி வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க!"

மாற்றி வைத்தான். காத்திருந்து காலை விட்டான். "ஐயோ!" என்று துள்ளினான். இப்போது சுட்டது தென்கடல் தண்ணீர்!

"நீங்க அளந்தது கடலை இல்ல அண்ணாச்சி, வெயிலை!" என்றாள் செங்காலி.

"நீ எத்தனை இடத்துல பாத்தே, தங்கச்சி?" என்று மினுக்கி கேட்டாள்.

"வடக்கே நூறு, தெற்கே நூறு."

மினுக்கி உடனே கூட்டத்தை வடக்கே திருப்பினாள்.

முட்டையிட்ட மூன்றாம் நாள் வடகடலில் ஆயிரமாயிரம் குஞ்சுகள் துள்ளின. நன்றி சொல்ல மினுக்கி அண்ணாந்து பார்த்தாள். செங்காலி அங்கே இல்லை. அடுத்த கடலில் கால் நனைக்கப் போய்விட்டாள்.

இருந்த இடத்திலிருந்து உரக்கச் சொல்பவனைவிட, அங்கங்கே போய் அலுக்காமல் அளந்தவரின் சொல்லையே நம்ப வேண்டும்.