பலாமரத்தடி டிசம்பர் பூ

ஏற்காட்டு மலைச்சரிவில் இருந்தது தவமணி அம்மையாரின் மடம். சேலத்து ஜவுளிக்கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தார் மாரப்பன். குருவைவிட வயதில் மூத்தவர். சீடர்களிலேயே பரபரப்பானவரும் அவர்தான்.

"கண்ணை மூடினா மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுங்கம்மா. என்ன செய்யட்டும்?"

அம்மையார் அவர் கையில் ஒரு டிசம்பர் பூச்செடிக் கன்றைக் கொடுத்தார்.

"சமையல்கட்டுக்குப் பின்னால, பலாமரத்தடியில வைங்க. பூக்கட்டும், பேசலாம்."

மாரப்பன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். காலையில் சாணக் கரைசல், மாலையில் புண்ணாக்குத் தண்ணீர். நுனி நீண்டால் கிள்ளிவிட்டார். நிழல் ஆகவில்லையோ என்று பெயர்த்து முன்வாசல் வெயிலில் நட்டார். இலை வாடியதும் மறுபடி பின்பக்கமே கொண்டுபோனார்.

ஆடி கழிந்தது. செடி பச்சைப்பசேலென்று நின்றது. மொட்டுதான் இல்லை.

"அம்மா, பலாக் கிளையை வெட்டிடட்டுங்களா? வெளிச்சமே படலை."

"வெட்டலாம். பலாப்பழமே வேண்டாம்னு சமையல்கட்டுல எழுதிக் கொடுத்தாங்கன்னா."

"அப்ப வேற உரம்?"

"போட்டுப் பாருங்க."

போட்டார். இலைதான் இன்னும் பெரிதானது.

ஐப்பசியில் அவருக்கு மனம் விட்டுப்போயிற்று. பையைக் கட்டிவிட்டு அம்மையார் முன் வந்து நின்றார்.

"அந்தச் செடியும் நானும் ஒண்ணுதாங்க. ரெண்டுமே பூக்கற ஜாதி இல்லை. நான் ஊருக்குக் கிளம்பறேன்."

"சரி. மழை விடட்டும்."

மழை விடவில்லை. செடி சாய்ந்துவிடுமோ என்று சாக்கைப் போர்த்திக்கொண்டு பார்க்கப் போனவர், நனைந்து காய்ச்சலில் விழுந்தார். விட்டு விட்டு வந்தது. குளிரில் வெளியே கால் வைக்கக்கூடாது என்றார் வைத்தியர். கஞ்சியும் கஷாயமுமாகக் கார்த்திகை போனது.

மார்கழியில் ஒரு காலை, கம்பளியைச் சுற்றிக்கொண்டு மெல்லப் பின்பக்கம் போனார். பலா நிழலில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கிளைக்குக் கிளை ஊதாப் பூ. சமையல்காரம்மா ஏற்கெனவே ஒரு சரம் தொடுத்துத் தலையில் வைத்திருந்தார்.

மாரப்பன் அம்மையாரிடம் ஓடினார். மூச்சு வாங்கியது.

"என்ன உரம் போட்டீங்கம்மா?"

"ஒண்ணும் போடலை."

"யார் பார்த்துக்கிட்டது?"

"பூக்கற வரைக்கும் யாரும் அதுல கை வைக்கலை."

"பின்ன எப்படிங்கம்மா பூத்துச்சு?"

அம்மையார் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு" என்றார்.