காரணம் தீந்த கோழி

"சாமி கேட்டதத் தரலன்னா, சாமிக்கு நேந்து விட்ட சேவல என்ன செய்ய?"

கேட்டது நான்தான்.

குருவம்மா கோழிக்குத் தவிடு பெசஞ்சுக்கிட்டு இருந்தா. நிமிந்து கூடப் பாக்கல.

"தீனி போடு"ன்னா.

"தீனி போடத் தெரியாமலா இம்புட்டு வெயில்ல கூடையத் தூக்கிட்டு நடந்து வந்தேன்?"

"அப்பம் பட்டினி போடு."

இவகிட்ட வந்தா இதுதான். ஒரு கேள்வி கேட்டா ஒரு கல்ல எடுத்துக் கையில குடுப்பா. கடிச்சுப் பாத்துக்க வேண்டியதுதான்.

பேரே குருவம்மா. அதனாலதான் குருவாயிட்டாளோ என்னமோ. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, பின்னால கம்பிவல அடிச்ச ஒரு தோட்டம், அது நெறையக் கோழி. அம்புட்டுதான் அவ மடம். என்னயவிடப் பத்து வயசு எளயவ. ஊரே "அம்மா, அம்மா"ன்னு வந்து கால்ல விழுது. நான் விழுந்ததில்ல. ஏட்டின்னுதான் கூப்புடுவேன். அவ என்னய அக்காம்பா.

எம் மவன் போனதுல இருந்து செவ்வாக்கெழம தவறாம வாரேன். வந்து சண்ட போட்டுட்டுப் போவேன். ஊருல வேற எவகூடச் சண்ட போட? என் மூஞ்சியப் பாத்ததும் அழுதுருதாளுவ, சவங்க.

கூடையத் தொறந்தேன். சேவல் தலைய நீட்டிச்சு. நல்ல செவலச் சேவல். கால்ல மஞ்சத் துணி.

"இதா?"ன்னா.

"இதேதான்."

"என்ன சொல்லி நேந்த?"

"என்னத்தச் சொல்ல? புள்ளைக்கு மூளக் காய்ச்சல். காலு ரெண்டும் விழுந்துட்டு. அன்னைக்கு இது உள்ளங்கை அளவு குஞ்சு. கால்ல துணியக் கட்டி, 'மாசானசாமி, ஒம் பேர வச்ச புள்ள, அவன் எந்திரிச்சு நடந்தா இந்தச் சேவல் ஒனக்கு'ன்னேன்."

"பொறவு?"

"பொறவு என்ன, செத்துப் போனான்."

அவ தவிட்டப் பெசஞ்சா.

"செத்துப் போனான்லா? அப்பம் கணக்கு முடிஞ்சுதுலா? நீ தரல, நான் தரல. அதோட போகணும்லா? போகல. வெள்ளிக்கெழம கோயில் கொட. எங் கொழுந்தன் லிங்கத்துர வந்து நிக்கான். சேவலக் குடு மதினி, சாமி சேவலுங்கான்."

"ஏனாம்?"

"எம் புள்ள எந்திரிச்சு நடந்தானாம்."

குருவம்மா இப்பம்தான் நிமிந்து பாத்தா.

"ஆசுபத்திரில, சாவுறதுக்கு மொத நாளு. கட்டில்ல இருந்து எந்திரிச்சு சன்னல் வரைக்கும் போனானாம். நடந்தா தாரேன்னு சொன்னேன், நடந்துட்டானாம். சாமி வாக்கக் காப்பாத்திட்டாராம், நாங்கதான் காப்பாத்தலையாம். பொழைக்கணும்னு கேட்டிருக்கணுமாம். நான் நடக்கணும்னு கேட்டுட்டேனாம். கேட்ட வார்த்தைய அளந்து குடுத்துட்டாராம். ஏட்டி, இது சாமியா, வக்கீலா?"

"நல்ல கேள்வி"ன்னா.

"பதில் சொல்லு!"

"நல்ல கேள்விக்குப் பதில் கெடையாது."

கூடைய எடுத்து அவ தலையில கவுக்கலாம் போல இருந்துச்சு.

அவ எந்திரிச்சு வந்தா. சேவலத் தூக்குனா. மஞ்சத் துணிய அவுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. சேவலத் தோட்டத்துக்குள்ள விட்டுட்டா.

"ஏட்டி! என்ன செஞ்ச நீ? நேந்து விட்டது!"

"இப்பம் சும்மா சேவல்."

"துணிய அவுத்தா ஆச்சா? ஊருல ஒருத்தி இது மேல கல்லெறிய மாட்டா தெரியுமா? எதுத்த வீட்டுக்காரி காயப்போட்ட நெல்லு பூரா கொத்தித் தின்னுச்சு. ஒரு வார்த்த பேசலையே அவ! கன்னத்துலதான் போட்டுக்கிட்டா."

"சாமி பேர வச்ச எம் புள்ளைக்குத்தான் அந்த மரியாத இல்ல"ன்னும் சொன்னேன். அவ காதுல விழுந்துச்சோ என்னமோ.

சேவல் கொஞ்ச நேரம் முழிச்சுது. பொறவு மத்த கோழியோட சேந்து மண்ணப் பறிச்சுது. நன்றி கெட்ட மூதி.

"ஒன்கிட்ட எதுக்குடி இம்புட்டு கோழி? மடமா இது, பண்ணையா?"

"எதுவும் என் கோழி இல்ல."

"பின்ன யாரு கோழி?"

"அந்தக் கழுத்துல முடி இல்லாத பெட்ட. காளியப்பன் பொண்டாட்டி வளத்தது. அவருக்கு நெஞ்சுச் சளி. வெறும் வயித்துல பச்ச முட்ட குடிக்கணும்னாவ. அவரு போயிட்டாரு. முட்டைய என்ன செய்யன்னு தெரியல அவளுக்கு. கொண்டாந்து விட்டுட்டா."

நான் கம்பிவல வழியா அந்தப் பெட்டையப் பாத்தேன்.

"சாம்பப் பெட்ட, ஜோஸ்பின் டீச்சரு விட்டது. ஒத்தையில இருந்தாவ. வீட்டுல ஏதாவது ஒரு சத்தம் கேக்கணும்னு வாங்குனாவ. மாத்தலாயி மாடி வீட்டுக்குப் போயிட்டாவ. அங்க கோழி ஆகாதாம்."

"ம்."

"புள்ளிப் பெட்டைக்காரிக்கு மவன் துபாய்ல. அவன் வந்ததும் அடிச்சுக் கொழம்பு வைக்கணும்னு தனியாத் தீனி போட்டு வளத்தா. அவன் அங்கனயே ஒருத்தியக் கெட்டிக்கிட்டான். போன்லதான் சொன்னானாம்."

"அந்தா, குப்பயில நிக்கே கருப்பு?"

குருவம்மா சிரிச்சா. "அது பொட்டக்குளத்துக்காரி விட்டது. மாமியாள நேரா ஏச முடியாது. 'ஏ மூதேவி, தின்னுட்டுத் தின்னுட்டு மூலையில கெடக்கியே, ஒனக்கு ஒரு சாவு வருதா'ன்னு கோழிய ஏசுவா. கெழவிக்குப் புரிஞ்சிரும். கெழவி செத்த மறுநாளே கோழி இங்க வந்துட்டு. ஏச ஆளில்லையே."

எனக்கும் சிரிப்பு வந்துச்சு. வந்ததுக்கு என் மேலயே கோவம் வந்துச்சு.

"கோழிக்காகக் கோழி வளத்தவ ஒருத்தியக் காட்டுக்கா"ன்னா. "எல்லாத்துக்கும் ஒரு காரணம். காரணம் தீந்ததும் ஆத்தத் தாண்டி இங்க வந்துருது."

"நல்லாப் பேசுத. இதச் சொல்லவா என்னய வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்க?"

"நீ எதுக்கு வளக்க?"

"நான் எங்க வளக்கேன்? அது பாட்டுக்குக் கெடக்கு."

"தீனி யாரு போடுதா?"

"நான்தான். வேற எவன் போடுவான்?"

"நாய் வந்தா?"

"வெரட்டுவேன்."

"சாயந்தரம் பஞ்சாரத்துல புடிச்சு அடைக்கது?"

"நான்தான்டி! அதுக்கு என்ன இப்பம்?"

"ஒண்ணுமில்ல. வளக்கலன்னு சொன்னியே, அதான் கேட்டேன்."

"அதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, தெரியுமா ஒனக்கு? விடியதுக்கு முன்னாடி எந்திரிச்சுக் கூவுது. எம் புள்ள எந்திரிக்காத வீட்டுல அது எந்திரிச்சுக் கூவுது! கழுத்தத் திருகிப் போட்டுரலாம்னு கை வரும்."

"திருக வேண்டியதுதானே?"

"சாமி சேவலுடி!"

"சாமிக்குக் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுக்க மாட்டேன்!"

"அப்பம் இங்க விட்டுட்டுப் போ. அதுக்குத்தான வந்த?"

அதுக்குத்தான் வந்தேன். கூடைய எடுத்துட்டு வீட்டப் பாக்கப் போகணும். காலு நகரல.

அப்பம்தான் பைக்குச் சத்தம் கேட்டுது.

லிங்கத்துர. எங்க வீட்டுக்காரருக்கு நேர் எளயவன். செருப்பக் கழத்திப் போட்டுட்டு கும்பிட்டுக்கிட்டே வந்தான்.

"அம்மா, எங்க மதினி இங்க சேவலக் கொண்டாந்தாவளா?"

என்னயக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டே அவகிட்டக் கேக்கான். என்கிட்டப் பேசப் பயம்.

"அந்தா நிக்கு"ன்னா குருவம்மா. "பாத்து எடுத்துக்கிடுங்க."

"ஏட்டி!"ன்னேன்.

அவ திரும்பல.

அவன் தோட்டத்துக்குள்ள போனான். முழிச்சான். செவலச் சேவல் அங்க ஒண்ணா கெடக்கு? எல்லாம் ஒரே நெறம், ஒரே கொண்ட. கால்ல துணி எதுலயும் இல்ல. அங்க ஓடி இங்க ஓடி, ஒண்ண அமுக்கிப் புடிச்சான்.

எங்க சேவல் இல்ல அது. எங்களுது முருங்க மரத்தடியில மண்ணப் பறிச்சுக்கிட்டு நிக்கு. நாள் பூரா தீனி போட்டவளுக்குத் தெரியாதா?

குருவம்மா என்னயப் பாத்தா.

எனக்கு வேண்டிய வழி தொறந்து கெடக்கு. வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும். கொடையில ஒரு சேவல் அறுபடும், கொழுந்தனுக்கு மனசு ஆறும், எஞ் சேவல் எனக்கு மிஞ்சும். சாமி என்னய ஏமாத்துனாருலா, நானும் ஒருக்க ஏமாத்திக்கிடுதேன்.

லிங்கத்துர சேவல இடுக்கிக்கிட்டு பைக்குகிட்டப் போயிட்டான்.

"ஏலே, நில்லு!"

நான்தான் கத்துனேன். ஏன் கத்துனேன்னு அந்த நிமிசம் எனக்கே தெரியல.

"அது எங்க சேவல் இல்ல."

"அப்பம் எது மதினி?"

"எதுவும் இல்ல! இதயும் குடுக்காத, அதயும் குடுக்காத. அந்தச் சாமிக்கு ஒரு முட்டையக்கூடக் குடுக்காத. எம் புள்ள இன்னும் எந்திரிக்கல!"



"எந்திரிச்சான் மதினி"ன்னான். மெதுவாச் சொன்னான்.

"இல்ல."

"எந்திரிச்சான்."

"இல்லங்கேன்லா! நீயும் ஒஞ் சாமியும் சேந்து..."

"யாரு பாத்தா?"

கேட்டது குருவம்மா. என்கிட்டக் கேட்டாளா, அவன்கிட்டக் கேட்டாளான்னு தெரியல.

நான் பாக்கல. கஞ்சி வாங்கக் கீழ போயிருந்தேன். அன்னைக்கு வரிசை அந்தச் சன்னலுக்குக் கீழ ரோடு வரைக்கும் நின்னுது. திரும்பி வந்தப்பம் புள்ள படுத்துத்தான் கெடந்தான்.

"நான் பாத்தேன்"ன்னான் லிங்கத்துர. அவன் கையில சேவல் ரெக்கைய அடிச்சுது. "நான் மட்டுந்தான் பாத்தேன். நர்சம்மா கூட இல்ல. வெளிய வந்து சொன்னேன், அண்ணன் நம்பல. டாக்டரு நம்பல. நீங்களும் நம்பல. சாமிக்காவது தெரியும்லா மதினி? இந்தச் சேவலயும் குடுக்கலன்னா, அவன் நடந்தான்னு சொல்ல ஒலகத்துல என்ன இருக்கு?"

நான் அவனயே பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு மாசமா வீட்டுக்கு வந்து சேவலக் குடு, சேவலக் குடுன்னு நின்ன பய. ஒரு நாளாவது நான் அவன உள்ள வந்து உக்காருன்னு சொல்லல.

"எப்படி நடந்தான்?"ன்னு கேட்டேன்.

"மதினி..."

"எப்படி நடந்தான்னு கேக்கேன்லா? பொய் சொன்னியோ, சேவலுக்குப் பதிலா ஒன்னய அறுத்துப் போட்டுருவேன்."

அவன் சேவலக் கீழ விட்டான். தோட்டத்துக்குள்ள வந்தான். குருவம்மா தவிட்டுச் சட்டிய நகத்தி வழி விட்டா.

வலது கைய மேல தூக்குனான், குளுக்கோஸ் பாட்டிலப் புடிக்கது மாதிரி. இடது காலத் தரையோட இழுத்தான். நின்னான். திரும்ப இழுத்தான். கோழிக்கு நடுவுல, ஒண்ணயும் மிதிக்காம, வாயத் தொறந்து மூச்சு வாங்கிக்கிட்டே போனான்.

கம்பிவலகிட்டப் போனதும் சன்னல் கம்பியப் புடிக்கது மாதிரி அதப் புடிச்சுக்கிட்டு நின்னான். கழுத்த நீட்டி, கீழ ரோட்டுல யாரையோ தேடி எட்டி எட்டிப் பாத்தான்.